நகல் ஏறும்வரை

குமரவேலின் தலைக்குள் இருந்த நினைவு டிரைவ் பழுதாகிவிட்டது. புதியதைப் பொருத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டும். பழைய நினைவுகளின் நகல் பத்திரமாக இருந்தது. ஆனால் அது ஏறும்வரை அவனுக்குத் தன் பெயர்கூடத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு வேறு யாருமில்லை. போன வருடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன வெண்ணிலாவைத்தான் கூப்பிட்டான்.

"ஒருவேளை நகல் ஏறலைன்னா?" என்று மயக்கம் வரும்வரை அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"கண் முழிச்சதும் மிரண்டுபோவார். உண்மையை மட்டும் சொல்லுங்க மேடம். அப்ப கேட்கிறது அவர் மனசுல அப்படியே நின்னுடும்," என்றாள், புது டிரைவைப் பொருத்தி முடித்த டெக்னீஷியன் பெண்.

வெண்ணிலா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

குமரவேல் கண் திறந்தான். கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

"நீங்க யாரு?"

'உங்க மனைவி' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"வெண்ணிலா. நாம புருஷன் பெண்டாட்டியா இருந்தோம். ஒத்துவரலை, பிரிஞ்சிட்டோம்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"தனியா இருந்தா பயந்துடுவீங்கன்னுதான்."

அவன் கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றிங்க," என்றான். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

"நகலை ஏத்தலாமா மேடம்?" என்று கேட்டாள் டெக்னீஷியன்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் வெண்ணிலா.