டாஃபிக்கு வெயில் வேணும்

"எழுந்திரு கிளைவ். டாஃபியைக் கொஞ்சம் வெளியே விடு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தா அதோட உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் மனைவி மார்லீன்.

மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கப் புல்வெளிக்குப் போனார் கிளைவ். பணி ஓய்வுக்குப் பிறகு சோபாவே கதியென்று இருந்தவர். இப்போது டாஃபி ஊர்ந்தால் பின்னாலேயே நடக்க வேண்டும். வேலியைப் பார்த்து நெளிந்தால் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். பாம்பு தின்னும் கூக்கபராப் பறவை மரத்தில் வந்து உட்கார்ந்தால் கையை வீசி விரட்ட வேண்டும்.

டாஃபி எலி விழுங்கினால் மட்டும் அவருக்குக் கொண்டாட்டம்.

"சாப்பிட்ட பாம்பை ரெண்டு நாளைக்குத் தொடவே கூடாது. கக்கிடும்!" என்று காலை நீட்டிப் படுத்து ரக்பி பார்ப்பார். மார்லீன் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் அவள் இன்னொரு பாம்போடு வந்து நின்றாள்.

"டாஃபிக்குத் துணையா? பாம்பு தனியா இருக்கத்தான் விரும்பும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தார் கிளைவ்.

"தெரியாமத்தான் வாங்கிட்டேன், போ!" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அங்கிருந்து அவள் போனில் பேசுவது கேட்டது.

"ஆமா டாக்டர், நீங்க சொன்ன மாதிரியே நடக்க வெச்சுட்டேன். சர்க்கரை நல்லாவே இறங்கியிருக்கு. டாஃபி சாப்பிட்டா மட்டும் மனுஷன் படுத்துடறார். அதான் ரெண்டாவது பாம்பு. இனிமே ரெண்டுக்கும் ஒரே நாள்ல சாப்பாடு போடவே மாட்டேன்!"