ஆற்றிய பால்

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மறுபடியும் பார்த்தார்.

தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியாகிவிட்டது. அப்படியும் ரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு இறங்கவில்லை. ஏறியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த வாணி புடவைக்கு மேல் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம்.

போன தடவை ஐந்தாம் மாதம் வரை வந்தது. பிறகு இல்லை.

"மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா?"

"ஒரு நாளும் விட்டதில்லைங்க. எங்க வீட்டுக்காரர் விடமாட்டாருங்க."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மௌலி விசைத்தறி ஓட்டுகிறவன். விடியலில் தறியை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சைக் கழுவி, பாலைக் காய்ச்சி ஆற்றிக்கொண்டு வருவான். அவள் எழுந்து உட்காரும்வரை நிற்பான். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பான்.

"எதோட போடற?"

"பால்லதாங்க."

"கூட வேற மாத்திரை?"

"ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரைங்க. அப்புறம் கால்சியம். மறந்துடக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்துருவாருங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும் சொல்லலையா உனக்கு?"

"காலைல போடச் சொன்னாங்க. அவ்வளவுதாங்க."

அப்படிச் சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது என்றார். இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலும் அப்படித்தான். இனிமேல் விடியலில் வெறும் தண்ணீர். இரும்பு மத்தியானம், கால்சியம் ராத்திரி. அளவு இப்போதைக்கு இதே இருக்கட்டும்.

அவள் எழுந்துகொள்ளவில்லை.

"போன தடவையும் இப்பிடித்தாங்க போட்டேன்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா."

பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "இல்லைன்னும் சொல்ல முடியாது. இப்ப இருக்கறதப் பார்ப்போம்" என்றார்.

மௌலி வெளியே நின்றிருந்தான். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

"என்ன சொன்னாங்க வாணி?"

எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாகக் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் தவிர.

"ஏன், இத்தன நாளு பால்லதான போட்டோம்?"

"இது புது மாத்திரைங்க மாமா. பழசு அப்பிடியில்ல."

அவன் நம்பினான். முகம்கூடத் தெளிந்தது.

"புதுசுல கேட்ரும், பாரு."

மருந்துக்கடையில் டப்பாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"தம்பி, இது பழைய மாத்திரைதான?"

"அதேதாங்ணா. ஒண்ணும் மாறல."

பின்னால் நின்றவர் அவனைத் தாண்டிக் கையை நீட்டித் தன் சீட்டைக் கொடுத்தார். அவன் நகரவில்லை. அவள்தான் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதனாலதான்னு சொல்ல முடியாது என்ற முதல் பாதியை மட்டும் சொன்னால் நம்பமாட்டான். இரண்டாம் பாதியை எப்படிச் சொல்வது?

ஊர் வந்து இறங்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

மறுநாள் அவள் கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளரும் டப்பாவும் இருந்தன. அவன் தள்ளி, கதவோரம் நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நீயே எடுத்துப் போட்டுக்க, சாமி."

அவள் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள்.

"நீங்க குடுங்க மாமா."

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.