வெறும் போசி

குப்பாயியின் போசியைத் துலக்கி, துடைத்து, எதையும் போடாமல் மூடி வைத்தாள் அறிவுச்செல்வி. இன்றோடு இதற்கு ஒரு முடிவு.

குப்பாயி எதிர்வீட்டுக்காரர். சாயங்காலமானால் போசி நிறைய எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுவார். கொள்ளுப்பருப்பு, கம்மஞ்சோறு, முந்தாநாள் வந்தது அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு. விடிந்ததும், எடப்பாடி பஸ்ஸுக்கு இவள் பறந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கதவைத் தட்டி, போசியைக் கேட்பார்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. நாலு வெண்டைக்காயாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். தனியாள் சமையலில் தினம் எதைத் தேடுவது? போன வாரம் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். பூண்டு பத்தவில்லை என்ற சேதி பால்காரர் வழியாக வந்து சேர்ந்தது.

யாரும் தட்டாமல் ஒரு நாள் விடியக் கூடாதா?

அவள் தமிழாசிரியை. இன்று பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் நன்றி என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நல்லது என்பதோடு பிறந்த சொல். பழைய நூல்களில் அது வாங்கியவர் வாயால் சொல்வதல்ல. கொடுத்தவர் செய்த நன்மைக்கே அந்தப் பெயர். வாங்கியவர் வாய்க்கு வந்தது பிற்பாடு.

இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு தேங்க்ஸ் சொன்னால் அதோடு தீர்ந்தது. இங்கே எதுவும் தீர்வதில்லை, போசிதான் போய்ப் போய் வருகிறது.

கதவு தட்டப்பட்டது.

"ரொம்ப நன்றிங்க்கா. இனிமேல் வேண்டாங்க" என்று போசியை நீட்டினாள்.

குப்பாயி மூடியைத் திறந்து பார்த்தார். சண்டைக்கு வருவார் என்றுதான் அறிவுச்செல்வி நினைத்தாள். அவர் முகம் வெளுத்துப்போனது. போசியைத் தரையில் வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏஞ் சாமி, மறுக்காவும் வெறும் போசியத் தர்றயே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போன மாசியில் ஒரு சாயங்காலம், தெருவில் வாங்கியிருந்த பாத்திரங்களை எல்லாம் துலக்கி, வெறுமையாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து, இனி விடியவே வேண்டாம் என்று கதவைத் தாழிட்டாள்.

வெறும் போசியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, அந்தத் தாழ்ப்பாளைப் பெயர்த்தவர் குப்பாயி. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. விடிந்ததும் வந்து கதவைத் தட்டுவது மட்டும் அன்றிலிருந்துதான்.

பஸ் போய்விடும், கையை விடுங்கள் என்றாள் சலிப்போடு. குப்பாயி விடவில்லை.

பிடித்த கையோடு அவரையும் இழுத்துக்கொண்டு, தரையிலிருந்த போசியை மறு கையில் எடுத்து அடுப்படிக்குப் போனாள்.

சர்க்கரை டப்பாவின் மூடி ஒற்றைக் கைக்குத் திறக்கவில்லை. குப்பாயிதான் திறந்துவிட்டார்.