முன்னாள் கணவரின் சாட்சி

"அவளைப் பத்தி என்கிட்டயா? எலிகிட்ட போய்ப் பூனையைப் பத்தி விசாரிக்கற மாதிரி இருக்கு மேடம்!"

ஃபெர்கஸ் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆபர்டீன் துறைமுகத்தில் காலையிலிருந்தே தூறல்.

சமூகநலத் துறையிலிருந்து வந்திருந்த ரோனா ஃபைலைத் திறந்தாள். "எல்ஸ்பெத் வளர்ப்புத் தாயா இருக்க விண்ணப்பிச்சிருக்காங்க. விவாகரத்தான கணவர்கிட்டயும் விசாரிக்கணும்னு விதி இருக்கு சார்."

"நான் ஏடாகூடமா ஏதாவது உளறிட்டா?"

"அனுமதி கிடைக்கறது கஷ்டம்தான்."

ஃபெர்கஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தனியா இருக்கா, அம்பத்தெட்டு வயசு. அதுக்காகத் தட்டிக் கழிச்சிடுவீங்களா?"

"இல்ல சார். தனி ஆளா இருக்கலாம். வயசும் தடையில்ல. உடம்பு திடமா இருக்கணும், குழந்தைக்குத் தனி ரூம் வேணும், போலீஸ் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. கோபம் வருமா அவங்களுக்கு?"

"வருமாவா! ஒருதடவை என் தலையைக் குறிவச்சு உருளைக்கிழங்கை எறிஞ்சா. எழுதிடாதீங்க, தப்பு என்மேலதான்."

ரோனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "குழந்தைங்களோட பழக்கம் உண்டா?"

அவர் குரல் இளகியது.

"எங்களுக்குக் குழந்தை இல்ல. ஆனா சனிக்கிழமை ஆனா பக்கத்து வீட்டு வாண்டுங்க மூணும் எங்க வீட்லதான். அவங்கம்மா மீன் ஃபேக்டரிக்குப் போயிடுவா. இவ கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், தொப்பலா நனைச்சுக் கூட்டிட்டு வருவா. ஹீட்டர் மேல வரிசையா சாக்ஸ் காயும். சூப் கொதிக்கும். ஒரே கூச்சல். நான் பேப்பரைத் தூக்கிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திப்பேன். இப்ப அந்த ஈர சாக்ஸ் நாத்தம் வந்தாக்கூட அழுதுடுவேன் மேடம்."

கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"பிரிஞ்சதுக்குக் காரணம்?"

"கர்ஸ்டின்னு ஒருத்தி. அவ பின்னாடி நான்தான் ஓடினேன். எல்ஸ்பெத் ஒரு பாவமும் அறியாதவ. இதைப் பெரிய எழுத்துல எழுதிக்குங்க."

ரோனா எழுதினாள். பிறகு, சற்றுத் தயங்கினாள்.

"கடைசிக் கேள்வி. படிவத்துல இருக்கு, கேட்டுத்தான் ஆகணும். உங்க குழந்தைன்னா அவங்களை நம்பி ஒப்படைப்பீங்களா?"

ஃபெர்கஸ் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார்.

"கர்ஸ்டியும் போய்ச் சேர்ந்துட்டா. எனக்கும் இந்தக் குளிர்காலம் தாண்டாதுன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார். எனக்கும் கர்ஸ்டிக்கும் பொறந்த பொண்ணு மெய்ரியைத் தானே வளக்கறேன்னு, நான் வாய் திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே உங்க ஆபீஸ்ல போய் நின்னவ மேடம் எல்ஸ்பெத்!"