சம்பந்தி கொடுத்த லில்லி

கலைவாணி வீட்டு லில்லியில் புழு விழுந்த கதை செவிலிமேட்டில் அந்தத் தெருவுக்கே தெரியும். அந்தப் புழு அடுத்த வீட்டு விஜயாவின் செடியிலிருந்துதான் வந்தது என்பதும் தெரியும். இரண்டையும் சொல்லிக்கொண்டு திரிந்தது கலைவாணிதான்.

சாதாரண லில்லி என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது வாலாஜாபாத் சம்பந்தியம்மா மங்கையர்க்கரசி தன் தோட்டத்தில் கிழங்கு தோண்டி, நாலு தொட்டியில் வைத்துக் கொடுத்தது. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்கு, அந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகள் கீர்த்தியோடு அவரும் வருகிறார். செடி செத்திருந்தால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு பார்வை பார்ப்பார். அதை நினைத்தாலே கலைவாணிக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் இலை கண்ணாடி மாதிரி வெளுத்தது. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தாள். பிறகு சிவப்புத் திட்டு வந்தது. திட்டு விழுந்த இலைகளை நறுக்கி எறிந்தாள். ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தால், கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு கும்பல் கும்பலாகப் புழு.

நர்சரிக்காரர் போட்டோவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். லில்லிக்கென்றே வருகிற புழுவாம். வேறு செடியைத் தொடாதாம். இலை தீர்ந்தால் கிழங்குக்குள் இறங்கி அழுக வைத்துவிடுமாம். கையோடு பூச்சி மருந்து ஒரு பாட்டிலும் கொடுத்தார்.

அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் விஜயாவின் முகம் சுருங்கிவிட்டது. ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், எறும்பைப் பார்த்துக் கால் வைப்பார்கள். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் லில்லிதான் வரிசையாக வைத்திருந்தாள்.

"மருந்து மட்டும் வேணாங்க்கா. வேப்பெண்ணெய் அடிச்சிப் பாருங்க, சாகாம விலகிப் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கலைவாணிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் முகத்தை முறிக்க முடியாமல், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தாள். என்ன ஆச்சரியம், புழு நாளுக்கு நாள் குறைந்தது. புது இலை வந்தது. தண்டு நீண்டு மொட்டும் வைத்தது.

அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். செடியே இல்லாத எதிர்வீட்டுப் பூவம்மாளை வழியில் நிறுத்திக்கூட அந்தக் கலவைக்குப் பக்குவம் சொன்னாள்.

விஜயா வீட்டு லில்லியோ மொட்டையாகிக்கொண்டே வந்தது. உயிரைக் கொல்ல மாட்டாங்களாம், அங்க வளர்த்து இங்க அனுப்புவாங்களாம் என்று, தறியில் நெய்துகொண்டிருந்த கணவர் தினகரனிடம் கலைவாணி பொருமினாள்.

உத்திரத்துக்கு முதல் நாள், இருவரும் மாறி மாறி மதியம் வரை ஓட்டுகிற தறி, பாவு நூல் தீர்ந்து காலையிலேயே நின்றுவிட்டது. தறியிலிருந்து எழுந்த கலைவாணிக்கு மொட்டு ஞாபகம் வந்தது. பூ விரிகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் புழு சுவரேறி வந்தால் என்ன செய்வது? யாருக்கும் தெரியாமல் அந்தச் செடிகளுக்கும் சேர்த்து அடித்துவிடலாம் என்று மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அங்கே விஜயா சுவருக்கு மேல் பாதி உடம்பை வளைத்து, கலைவாணியின் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கறுப்பாக நெளிந்தது.

"இதான் சங்கதியா? நீங்களே கொண்டாந்து விட்டுக்கினு இருக்கீங்களா?"

விஜயா பதறிக் கையை வெளியே எடுத்தாள்.

"விடலைங்க்கா. எடுத்துக்கினு போறேன். தறி சத்தம் கேட்டா நீங்க எழுந்து வர மாட்டீங்க, அதனால தினம் அந்த நேரத்துல வந்து பொறுக்குவேன். மருந்து அடிச்சா இதுங்க செத்துடும். அடிக்கலன்னா உங்க பூ போயிடும். சம்பந்தியம்மா வர்றாங்கன்னு வேற கவலைப்பட்டுக்கினு இருந்தீங்க. எல்லாத்தையும் எங்க செடியில விட்டுட்டேன்."

கலைவாணி சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். லில்லி இருந்த தொட்டிகளில் மண்தான் இருந்தது. பூவம்மாளை நிறுத்தி வைத்துச் சொன்ன பக்குவம் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள்.

விஜயா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க செடியும் தீந்துபோச்சுக்கா. இதுங்க வேற எதையும் தின்னாது. என்ன பண்றதுன்னு தெரியல."

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். கோயிலுக்குக் கிளம்பும் முன்பே செடியைப் பார்க்கவேண்டும் என்றார். சிவப்புச் சிவப்பாகப் பூ விரிந்து நின்றது. கீர்த்திக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. மங்கையர்க்கரசி பூவைத் தொட்டார், இலையைத் திருப்பினார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பிறகு தொட்டிகளை எண்ணினார்.

"நாலு குடுத்தேனே சம்பந்தி, மூணுதான் இருக்குது?"

கூடவே அந்தப் பார்வையும் வந்தது. கலைவாணிக்கு ஏனோ பயமே வரவில்லை.

"பக்கத்து வீட்டுல புழுங்களுக்குச் சாப்பாடு இல்லன்னாங்க சம்பந்தி. ஒண்ணு குடுத்துட்டேன்."