சாம்பிராணி போட்ட வேன்

சத்தியமாகச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் கழுதை வேன் வாங்கட்டும்.

இனி முதுகில் மூட்டையே சுமப்பதில்லை என்று முடிவெடுத்த கழுதை, நண்பன் வெள்ளைக் கொக்கோடு நரியிடம் பழைய டீசல் வேன் பார்க்கப் போனது.

"வாங்கண்ணே வாங்க! ஒரே ஓனர் வண்டிண்ணே!" என்று குழைந்த நரி, வேனுக்குப் பின்னால் சாம்பிராணிச் சட்டியை வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருகியது. டபடபடப! புகை தெருவையே மூடியது.

"என்னப்பா, இவ்வளவு புகை?"

"சாம்பிராணிண்ணே! பூஜை போடாம வண்டி கொடுப்பேனா?"

கழுதைக்குப் புல்லரித்துவிட்டது. "ஆஹா, என்ன மணம்!" என்று இருமிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டது. "கொக்குத் தம்பி, நீயும் பின்னால போய்க் கும்பிட்டுக்க!"

கொக்கு போனது. கழுதை பத்திரத்தில் குளம்பை வைக்கப் போகும்போது, புகைக்குள்ளிருந்து கரேலென்று ஒன்று தள்ளாடி வந்தது.

"சூ! நல்ல நேரத்துல குறுக்க வராதே காக்கா!"

"அண்ணே... நான் உங்க கூட வந்த கொக்குண்ணே."

கழுதை கொக்கைப் பார்த்தது. புகையைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, பின்னங்கால்கள் நரிக்கு நேராக வரும்படி நின்றது.