தூணைச் சுற்றி

ஒரே கணக்கில் ஐந்து முறை கடவுச்சொல் தவறினால்தான் எங்கள் கண்காணிப்புத் திரையில் எச்சரிக்கை வரும். இன்று காலை அது வரவில்லை. பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி, ஒரே ஒரு தவறு, எட்டு விநாடிக்கு ஒருவர்.

“ஒரே பாஸ்வேர்டை எல்லார் கணக்குலயும் போட்டுப் பாக்குறான். பலே கில்லாடி,” என்றார் பக்கத்து இருக்கை அண்ணன்.

“அகரவரிசையில போகலையேண்ணா.”

வாசலில் தொடங்கி, நாங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே பெயர்கள் வந்தன. பன்னிரண்டாவது இருக்கையைத் தாண்டியதும் ஒரு தூண். அங்கே மட்டும் பதினான்கு விநாடி ஆகியிருந்தது, சுற்றிக்கொண்டு நடந்ததுபோல. நிமிர்ந்து பார்த்தேன். இருக்கைகளுக்கு நடுவே யாரும் இல்லை.

அண்ணன் வெளி இணைப்பைத் துண்டித்தார். பதிவேட்டில் வரிகள் நிற்கவில்லை. அவர் பெயரும் வந்தது.

“ஏசியைக் குறைம்மா,” என்று பிடரியைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது நான். என் கணக்கு திறந்தால் எல்லார் கணக்கும் திறக்கும். அவசரமாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். அந்தக் கணத்தில் தோன்றிய சொல், வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை.

என் பெயருக்கு நேரே ‘வெற்றி’ என்று விழுந்தது.

எட்டு விநாடி கடந்தது. பதினான்கும் கடந்தது. அடுத்த இருக்கையின் வரி வரவில்லை.